படத்தில் உள்ள காருக்கு பாடி கட்டியது யார்?

சமஸ்தானத்துக் கார்களின் எஞ்சினைச் செய்தவர் பெயர் ரேடியேட்டரிலேயே பொறித்திருக்கிறது. உடலைக் கட்டியவர் பெயரைப் பழைய புகைப்படங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. லண்டன் பட்டறைகளுக்குச் சாட்சி சொல்ல ஏடுகள் உண்டு. கல்கத்தா, சென்னைப் பட்டறைகளுக்கு?

முன்னாள் சமஸ்தானங்களின் ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு படம் தவறாமல் கண்ணில் படும். அரண்மனை போர்ட்டிகோ. அதன் கீழே நீளமான திறந்த கார். பின் இருக்கையில் தலைப்பாகையும் முத்து மாலையுமாக மகாராஜா. பக்கத்தில் தொப்பி அணிந்த வெள்ளைக்கார விருந்தாளி. சக்கரத்தை ஒட்டி விறைப்பாக நிற்கும் சீருடை டிரைவர். அட்டையின் அடியில் யாரோ பென்சிலால் எழுதிவைத்த குறிப்பு: 'ஹிஸ் ஹைனஸ், ரோல்ஸ் ராய்ஸில்.' மகாராஜா யார் என்று தெரிகிறது. விருந்தாளி ரெசிடென்டா வைஸ்ராயா என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் காருக்கு மட்டும் பாதிப் பெயர்தான் எழுதியிருக்கிறது.

காரணம் இதுதான்: அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் முழுக் காரை விற்கவில்லை.

நாமக்கல், கரூர் பக்கம் நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். எஞ்சினும் சக்கரங்களும் ஸ்டியரிங்கும் மட்டும் உள்ள மொட்டை சேசிஸை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் காற்றில் ஓட்டிப்போவார். அதற்கு பாடி கட்டுவது பட்டறைக்காரர் வேலை. லாரிக்கு நடக்கும் அதே காரியம்தான் அன்று உலகின் மிக உயர்ந்த கார்களுக்கும் நடந்தது. இங்கிலாந்தின் டெர்பி நகரத் தொழிற்சாலையிலிருந்து சேசிஸ், எஞ்சின், ரேடியேட்டர், பானெட் ஆகியவை மட்டும் வெளியே வரும். வாங்கியவர் அதைத் தனக்குப் பிடித்த 'கோச்பில்டர்' பட்டறைக்கு அனுப்புவார். கதவு எத்தனை, கூரை துணியா தகரமா, ராணிக்குத் திரை வேண்டுமா, துப்பாக்கி வைக்க இடம் எங்கே என்பதெல்லாம் அங்கே முடிவாகும். இரண்டாம் உலகப் போர் வரை இதுதான் வழக்கம். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தானே உடலும் கட்டி விற்ற முதல் கார் 1946-ல் வந்த பென்ட்லி மார்க் 6. ரோல்ஸ் ராய்ஸ் பெயரிலேயே அப்படி வந்தது 1949-ன் சில்வர் டான்.

ஆக, 1930-களின் ஒரு ரோல்ஸ் ராய்ஸைப் பார்த்து மயங்கும் எவரும் உண்மையில் மயங்குவது இன்னொருவரின் கைவேலையைப் பார்த்து. லண்டனில் பார்க்கர் நிறுவனம் 1710 முதலும், ஹூப்பர் 1805 முதலும் குதிரை வண்டிகள் கட்டிப் பழகியவை. த்ரப் அண்ட் மேபர்லியும் குதிரை வண்டிக் காலத்துப் பழம்புள்ளிதான். கர்னி நட்டிங் 1918-ல் வந்த புதுப் புள்ளி. பாரிஸில் ஃபிகோனி எ ஃபலாஸ்கி. இவர்கள் ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு செய்து, அதன் மேல் கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகடுகளைப் போர்த்தினார்கள். மாதக் கணக்கில் வேலை நடக்கும். பட்டறையின் பெயரோ கதவைத் திறந்தால் வாசற்படியில் தெரியும் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். கதவை மூடிவிட்டுத்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் மூக்கு

பழைய கார் பிரியர்கள் இந்தப் படங்களைப் படிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். உடலுக்குப் போகும் முன் சேசிஸ் எது, எந்த ஆண்டு என்று பார்க்க வேண்டும். அதற்கு முகமே போதும். கிரேக்கக் கோயில் முகப்பு போன்ற ரேடியேட்டர் என்றால் ரோல்ஸ் ராய்ஸ். அதன் மேல் சிறகு விரித்துச் சாயும் பெண் உருவம் 1911-லிருந்து வந்தது. மண்டியிட்ட வடிவம் 1934-ல் வந்தது. ஆனால் இந்த உருவத்தை யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். அதை மட்டும் நம்பி ஆண்டு சொல்பவர் ஏமாறுவார்.

கழற்ற முடியாத அடையாளங்கள் மேலும் நம்பகமானவை. முன் சக்கரத்துக்குள் பிரேக் டிரம் தெரிகிறதா? தெரிந்தால் அந்த ரோல்ஸ் ராய்ஸ் பெரும்பாலும் 1924-க்கு முந்தையது அல்ல. அதற்கு முன் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக். 1922-ல் வந்த சிறிய 'ட்வென்டி' மாடலில் ரேடியேட்டரின் மடிப்புத் தகடுகள் படுக்கைவசமாக இருந்தன, பின்னாளில்தான் செங்குத்தாயின. 1925-ல் வந்த முதல் ஃபேண்டத்துக்கும் 1929-ல் வந்த இரண்டாம் ஃபேண்டத்துக்கும் பின் ஸ்பிரிங் அமைப்பே வேறு. 1936-ன் மூன்றாம் ஃபேண்டத்தில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். முன்பக்கத்தை நேராக எடுத்த படமாக இருந்தால் அச்சுத் தண்டு குறுக்கே ஓடுகிறதா இல்லையா என்பதிலேயே பத்து ஆண்டுக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

நம்பர் பிளேட்டும் பேசும். சமஸ்தானக் கார்கள் பலவற்றில் சமஸ்தானத்தின் பெயரும் ஓர் இலக்கமும் மட்டுமே இருக்கும். சிலவற்றில் எண்ணுக்குப் பதில் அரச முத்திரை. பின்னணியில் நிற்பவர்களும் உதவுவார்கள். 1911 டெல்லி தர்பாரா, 1921-22-ல் வேல்ஸ் இளவரசர் வந்த சமயமா என்று தெரிந்துவிட்டால், கார் அதற்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது என்ற எல்லைக்கோடு கிடைத்துவிடும்.

பிறகு இடுப்பு

சேசிஸும் ஆண்டும் பிடிபட்ட பிறகுதான் உடல். இங்கே பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, கோடுகளை. பானெட்டிலிருந்து கிளம்பி கதவுகளின் மேல் விளிம்பை ஒட்டிப் பின்பக்கம் வரை ஓடும் பீடிங் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நேராகப் போகிறதா, பின் கதவுக்கு அருகில் தாழ்கிறதா? கதவுக் கீல் முன்னால் இருக்கிறதா பின்னாலா, இரண்டா மூன்றா? மட்கார்டு ஃபுட்போர்டோடு சேரும் இடத்தில் வளைவா, முறிவா? ஹூட்டை மடித்தால் அது உடலுக்குள் அமிழ்கிறதா, மூட்டை போல மேலே நிற்கிறதா? கண்ணாடிச் சட்டத்தின் மூலை கூரா, உருண்டையா? ஒரு தையற்காரரின் கை காலரில் தெரிவது போல ஒரு பட்டறையின் கை இந்த இடங்களில் தெரியும்.

சில கைகள் ஊரறிந்தவை. கபூர்தலா அரச குடும்பத்தின் ஸ்டெல்லாவுக்காக 1930-களின் பிற்பகுதியில் வாங்கப்பட்ட டால்போ லாகோ காரின் படத்தைப் பார்த்தவர் அதை மறக்க மாட்டார். சொட்டும் நீர்த்துளி போன்ற உடல். சக்கரங்களை மூடி வழியும் மட்கார்டுகள். ஃபிகோனி எ ஃபலாஸ்கி என்று உடனே சொல்லத் தோன்றும், சொன்னால் சரிதான். ஆனால் அதே மாடல் சேசிஸுக்கு பாரிஸின் இன்னொரு பட்டறையான பூர்த்தூவும் வளைவான உடல் கட்டியிருக்கிறது. 'நீர்த்துளி என்றால் ஃபிகோனி' என்ற சூத்திரம் பத்தில் ஒன்பது தடவை ஜெயிக்கும்; பத்தாவது தடவை காலை வாரும்.

ஹைதராபாத் நிஜாமின் மஞ்சள் நிற சில்வர் கோஸ்ட் இன்னொரு எளிய வழக்கு. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் ஆர்டர் கொடுத்த கார். 1911-ல் அவர் காலமாகிவிட, மகன் உஸ்மான் அலி கான் காலத்தில் வந்துசேர்ந்தது. பின் இருக்கை சிம்மாசனம் போல உயர்த்தப்பட்டிருக்கும். கட்டியது பார்க்கர். 'சிம்மாசனக் கார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மிகக் குறைவாக ஓடிய அந்தக் காரை ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் காணலாம். இப்படி ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்ட காரின் படத்தில் குழப்பத்துக்கு இடமில்லை.

கோட்டா மகாராஜா இரண்டாம் உமேத் சிங்கின் 1925 ஃபேண்டமும் பார்க்கர் கட்டியதுதான். ஆனால் அந்தப் படத்தில் கண் போவது உடலின் கோடுகளுக்கு அல்ல. புலி வேட்டைக்காகத் தேடுவிளக்குகள், துப்பாக்கி தாங்கிகள், பின்னால் சிறு பீரங்கி, இழுத்துச் செல்ல இயந்திரத் துப்பாக்கி என்று ஒரு படையே அதில் ஏறியிருந்தது. 2011-ல் அமெரிக்காவில் பானம்ஸ் நிறுவனம் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது உலகப் பத்திரிகைகள் எழுதியது பீரங்கியைப் பற்றித்தான். படத்தைப் படிப்பவர் செய்ய வேண்டியது நேர்மாறு: பீரங்கியை மனதால் கழற்றி வைத்துவிட்டு, மிஞ்சும் உடலைப் பார்க்க வேண்டும்.

இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கரின் டூசன்பர்க் காரில் சிக்கல் வேறு மாதிரி. சேசிஸ் அமெரிக்கா. உடல் லண்டனின் கர்னி நட்டிங். உரிமையாளர் இந்தியர். ரேடியேட்டரைப் பார்த்து 'அமெரிக்கக் கார்' என்று முடிவுகட்டி, அமெரிக்கப் பட்டறைகளின் பட்டியலில் பெயர் தேடினால் ஆயுள் முழுக்கத் தேடலாம். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதுதான் முதல் துப்பு.

படம் சொல்லும் பொய்

கேமரா பொய் சொல்லாது என்பார்கள். கார் விஷயத்தில் அது தாராளமாகச் சொல்லும்.

முதல் பொய் நிறம். 1920-களில் புழங்கிய பெரும்பாலான ஃபிலிம்களுக்கும் கண்ணாடித் தகடுகளுக்கும் சிவப்பு தெரியாது. சிவப்புக் கார் கறுப்பாக விழும். வெளிர் நீலம் வெள்ளையாக விழும். கறுப்பு என்று நம்பி மெருகேற்றிய கார் உண்மையில் செக்கச் சிவந்த காராக இருந்திருக்கலாம். ரோல்ஸ் ராய்ஸ் முத்திரையில் இரட்டை 'ஆர்' எழுத்து 1930-களின் தொடக்கத்தில் சிவப்பிலிருந்து கறுப்பானது. ஆண்டைக் கண்டுபிடிக்க அருமையான அடையாளம். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டுமே ஒன்று.

இரண்டாம் பொய் இடவலம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் வலப்பக்க ஸ்டியரிங் இடப்பக்கம் போய்விடும். இந்தியக் கார் அமெரிக்கக் காராகிவிடும். சட்டைப் பொத்தான், வாள் தொங்கும் பக்கம், பின்னணிப் பெயர்ப்பலகை இவற்றைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒரே சட்டை போட்ட இருவர். 1920-களில் வேமன் என்பவரின் காப்புரிமை முறைப்படி, தகட்டுக்குப் பதில் துணி போர்த்திய உடல்கள் பிரபலமாயின. படத்தில் அவை பளபளக்காது. விளிம்புகள் மெத்தை போல மழுங்கியிருக்கும். 'வேமன் உடல்' என்று கண்டுபிடித்த மகிழ்ச்சி அதோடு சரி. அந்த உரிமத்தை வாங்கிப் பல பட்டறைகள் கட்டியிருக்கின்றன. பார்க்கர் நிறுவனத்தின் தாழும் ஹெட்லைட்டுகளும் அப்படியே. பிறர் கட்டிய கார்களிலும் அவை இருக்கும். விளக்கு பார்க்கர் என்பதால் கார் பார்க்கர் ஆகிவிடாது.

நான்காவது, வேலை மாறும் கலைஞர்கள். கர்னி நட்டிங்கில் கோடு வரைந்த மக்நீல் 1937-ல் ஜேம்ஸ் யங் நிறுவனத்துக்குப் போனார். அவருடைய கையும் அவரோடு போயிற்று. அங்கேயே பழகிய ஜான் பிளாட்ச்லி பின்னர் ரோல்ஸ் ராய்ஸுக்கே போய்ச் சேர்ந்தார். 1938-ல் பார்க்கரை ஹூப்பர் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு 'பார்க்கர் பாணி', 'ஹூப்பர் பாணி' என்பதெல்லாம் அத்தை மகன், மாமன் மகன் விவகாரம்.

ஐந்தாவதுதான் பெரிய ஆபத்து: உடல் மாற்றம். சேசிஸ் நூறு ஆண்டு ஓடும். மரச்சட்டம் அப்படி அல்ல. மழையும் கரையானும் தின்னும். ஆகவே பழைய உடலைக் கழற்றிப் புதியதை ஏற்றுவது அன்றே நடந்தது. பின்னாளில் திறந்த கார்களுக்கு மவுசு கூடியதும், எத்தனையோ மூடிய கார்களின் கூரைகளை வெட்டி எறிந்துவிட்டுத் திறந்த 'டூரர்' உடல்களை மாட்டினார்கள். 1925-ன் படத்தில் இருக்கும் உடலும் அரண்மனையில் நிற்கும் உடலும் ஒன்றேதானா என்பதுதான் புகைப்படத்திடம் கேட்க வேண்டிய தலையாய கேள்வி.

இவற்றுக்கெல்லாம் மேலே கதைகள். மகாராஜா ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ் கடையில் அவமதிக்கப்பட்டு, வாங்கிய கார்களைக் குப்பை அள்ள விட்டார் என்ற கதை இந்தியா முழுக்கப் பரவியிருக்கிறது. கதாநாயகர் ஒரு நாள் ஆல்வர், ஒரு நாள் பரத்பூர், இன்னொரு நாள் பாட்டியாலா. சக்கரத்தின் முன் துடைப்பம் கட்டிய கார் ஒன்றின் படம் ஆதாரமாகக் காட்டப்படும். இங்கேயும் கேட்க வேண்டியவை அதே பழைய கேள்விகள்தான். ரேடியேட்டர் யாருடையது? நம்பர் பிளேட் எந்த ஊர்? சாலையில் கிடக்கும் ஆணியும் கல்லும் டயரைக் கிழிக்காமல் ஒதுக்கித்தள்ளத் துடைப்பம் கட்டலாம். குப்பை அள்ளத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. துடைப்பம் படத்தில் இருக்கிறது. குப்பை கதையில் மட்டுமே இருக்கிறது.

ஏடு சொல்லும் தீர்ப்பு

அதனால்தான் அனுபவசாலிகள் புகைப்படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, வழக்குத்தான் போடுகிறார்கள். தீர்ப்பு ஏட்டிலிருந்து வர வேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் ஒவ்வொரு சேசிஸுக்கும் ஓர் அட்டை எழுதியது. யார் வாங்கினார், எந்தப் பட்டறைக்கு அனுப்பப்பட்டது, என்ன வகை உடல், எங்கே ஒப்படைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். 1957-ல் தொடங்கிய ரோல்ஸ் ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப் இங்கிலாந்தில் இவற்றைப் பாதுகாக்கிறது. சேசிஸ் எண் கைவசம் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. லண்டன் ஒலிம்பியா கண்காட்சியைப் பற்றி அன்றைய மோட்டார் பத்திரிகைகள் வெளியிட்ட படங்கள், பட்டறைகள் விளம்பரத்துக்காகப் பக்கவாட்டில் எடுத்துவைத்த படங்கள் ஆகியவை மீதிப் பாதி. கார் கையில் இருந்தால் இன்னும் எளிது. இருக்கைக்கு அடியில், கதவு மெத்தைக்குப் பின்னால், மரச்சட்டத்தில் பட்டறை அடித்த உடல் எண் கிடைக்கலாம்.

ராஜ்கோட் சமஸ்தானத்தின் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' இதற்கு நல்ல உதாரணம். தர்மேந்திரசிங் மகாராஜாவுக்காக 1934-ல் த்ரப் அண்ட் மேபர்லி கட்டிய இரண்டாம் ஃபேண்டம். காவி நிறம், பளபளக்கும் அலுமினிய பானெட். 1968-ல் நாட்டை விட்டுப் போனது. 2010-ல் அதே அரச குடும்பம் அதை ஏலத்தில் வாங்கித் திரும்பக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் அயல்நாட்டில் இருந்த காரை 'எங்களுடையதுதான்' என்று தயக்கமின்றி வாங்க முடிந்ததற்குக் காரணம், கட்டியவர் பெயர், மாடல், ஆண்டு, முதல் உரிமையாளர் என்ற சங்கிலி அறுபடாமல் இருந்ததுதான்.

எல்லாக் கார்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த விற்பனை அதன் பிறகு வேகம் பிடித்தது. வெளிநாட்டு வியாபாரிகளிடம் போனவை போக, மிஞ்சியவற்றில் பல கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு ஓடின. கைமாறிய ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கு, ஒரு தகடு, ஒரு காகிதம் தொலைந்தது. அகமதாபாத் அருகே கத்வாடாவில் பிரான்லால் போகிலால் சேர்த்துவைத்தது போன்ற பெரிய சேகரிப்புகள் இல்லாவிட்டால் இன்னும் அதிகம் தொலைந்திருக்கும்.

ஏடு இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் லண்டன், பாரிஸ் பட்டறைகளின் கதை. இந்தியாவில் ஓடிய எல்லா உடல்களும் கப்பலில் வந்தவை அல்ல.

குதிரை வண்டிக் காலத்திலேயே இங்கே பெரிய பட்டறைகள் இருந்தன. கல்கத்தாவில் ஸ்டுவர்ட் நிறுவனம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பழமை கொண்டாடியது. சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் 1840-ல் தொடங்கியது. அங்கே வேலை செய்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் கட்டிய நீராவிக் கார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கார் என்று சொல்லப்படுகிறது. மோட்டார் வந்ததும் இந்தப் பட்டறைகள் மோட்டாருக்கும் உடல் கட்டின. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பாகங்களைப் பூட்டும் தொழிற்சாலை திறந்தது. அமெரிக்கச் சேசிஸ்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் உள்ளூர்த் தச்சருக்கும் தகட்டுக் கொல்லருக்கும் வேலை பெருகியது. அரண்மனைகளின் 'மோட்டார் கானா'க்களிலேயே பழைய லிமோசின் வேட்டைக் காராக மாறியது. இற்றுப்போன லண்டன் மரச்சட்டத்துக்குப் பதில் தேக்குச் சட்டம் ஏறியது.

இவர்கள் செய்த வேலைக்கு சேசிஸ் அட்டையில் இடமில்லை. கார் டெர்பியை விட்டுக் கிளம்பிய நாளோடு அந்த அட்டை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கட்டியவர் பெயரைப் பொறித்த தகடும் பல நேரம் கிடையாது. அப்படியானால் சாட்சி யார்? அந்த ஆல்பத்துப் படம் ஒன்றுதான்.

இங்கேதான் அடையாளம் காணும் கலையில் ஓர் ஓரவஞ்சனை நுழைகிறது. படத்தில் உள்ள உடல் நன்றாக இருந்தால் 'பார்க்கர் போலிருக்கிறது', 'ஹூப்பர் பாணி' என்று எழுதிவிடுவார்கள். கொஞ்சம் கோணலாக இருந்தால் 'உள்ளூர் வேலை' என்று ஒரே வார்த்தை. நல்லதெல்லாம் லண்டன், மோசமெல்லாம் மிஸ்திரி என்ற இந்தக் கணக்கு நூறு ஆண்டாக நடக்கிறது. பெயர் தெரிந்த பட்டறை என்றால் காரின் விலை ஏறும் என்பதால் விற்பவருக்கும் இந்தக் கணக்கு வசதி.

சரியாகப் பார்த்தால் உள்ளூர்க் கைக்கும் அடையாளங்கள் உண்டு. பின் இருக்கை வழக்கத்தை விட உயரமாக இருக்கிறதா? பர்தாவுக்கான திரைக்கம்பி கூரையோடு சேர்த்தே திட்டமிடப்பட்டிருக்கிறதா, பிறகு அடிக்கப்பட்டதா? மட்கார்டு ஒரு காலத்தையும் உடல் இன்னொரு காலத்தையும் காட்டுகிறதா? ஒரே அரண்மனையின் இரண்டு வெவ்வேறு கம்பெனிக் கார்களில் ஒரே மாதிரிக் கதவுக் கைப்பிடியும் ஒரே வளைவும் தெரிகின்றனவா? அப்படித் தெரிந்தால் அவை லண்டனின் இரு பட்டறைகளிலிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு; அரண்மனைக்குப் பக்கத்திலேயே ஒரு கை இருந்திருக்கிறது. படத்தோடு சமஸ்தானத்தின் செலவுக் கணக்கையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கைக்குப் பெயரே கிடைக்கலாம். ராஜஸ்தான் சமஸ்தானங்களின் பழைய கோப்புகள் பிகானேரில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மகாராஜா வாங்கிய காரைத் தேடி அங்கே போகிறவர்கள் உண்டு. காரைப் பழுதுபார்த்த மிஸ்திரியின் கூலிச் சீட்டைத் தேடுபவர்கள்தான் குறைவு.

ஏன் இந்தப் பாடு?

பணக்காரர் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்க முடியாதபடி அரசாங்கமும் இப்போது உள்ளே வந்திருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ல் பழைய வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வாகனம் என்றால் 'விஏ' எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000, பத்து ஆண்டு செல்லும். மூல வடிவம் எது என்பதற்குச் சான்று வேண்டுமானால், பழைய காருக்குப் பழைய புகைப்படத்தை விட நல்ல சான்று ஏது?

ஆனால் அந்தப் படங்களே கரைந்துகொண்டிருக்கின்றன. கல்கத்தாவின் புகழ்பெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ, ராஜாக்களையும் வைஸ்ராய்களையும் படம் பிடித்த இடம். 1991-ல் நேர்ந்த தீவிபத்தில் அதன் பழைய சேகரிப்பில் பெரும் பகுதி அழிந்தது. 2016-ல் ஸ்டுடியோவே மூடப்பட்டது. தனியார் ஆல்பங்களுக்கு நேர்வது இன்னும் மோசம். பழம்பொருள் கடைக்காரர் அவற்றைப் பக்கம் பக்கமாகக் கிழித்து விற்கிறார். படத்தை அட்டையிலிருந்து உரித்ததும் பென்சில் குறிப்பு குப்பைக்குப் போகிறது. எந்த அரண்மனை, எந்த ஆண்டு என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருந்தது.

வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால் செய்ய வேண்டியவை அதிகமில்லை. அட்டையிலிருந்து உரிக்கக் கூடாது. முன்பக்கத்தைப் போலப் பின்பக்கத்தையும் நகல் எடுத்துவைக்க வேண்டும்; ஸ்டுடியோவின் முத்திரை அங்கேதான் இருக்கும். நகல் பெரிதாக, விளிம்புகள் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். மகாராஜாவை மட்டும் வெட்டி எடுத்தால் மட்கார்டும் கதவுக் கீலும் போய்விடும். விளக்கம் எழுதும்போது மூன்று படிகளைக் கலக்காமல் எழுத வேண்டும்: ஏட்டில் இருப்பது, படத்தில் தெரிவது, ஊகம். 'பார்க்கர்' என்று எழுதுவதற்கும் 'பார்க்கராக இருக்கலாம்' என்று எழுதுவதற்கும் நடுவில் இருப்பது ஒரு சொல்தான். அடுத்த தலைமுறை தேடும் திசையை அந்தச் சொல்தான் தீர்மானிக்கிறது.

கட்டியவர் யார் என்று கடைசி வரை தெரியாமல் போகும் படங்களும் உண்டு. அங்கே 'கட்டியவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதுவதே கௌரவம். அந்த இடத்தில் ஒரு லண்டன் பெயரை எழுதி நிரப்பிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். காலியாக விட்டால், என்றாவது ஒரு கூலிச் சீட்டோ தேக்குச் சட்டத்தில் அடித்த எண்ணோ கிடைக்கும்போது, கல்கத்தாவின் ஒரு தச்சருக்கோ சென்னையின் ஒரு தகட்டுக் கொல்லருக்கோ அங்கே இடம் இருக்கும்.